ஈரச் சாக்கு

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் போன அக்கா, தன் ஆறு மாடுகளையும் மூன்று நாளைக்கு என்னிடம் விட்டுப் போனாள். எழுத்தாளனை நம்பி யாராவது மாட்டை விடுவார்களா? அவளுக்கு வேறு ஆள் இல்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘தகரக் கூரைமேல் வெயில் ஒரு…’ வேண்டாம். வெயிலை வர்ணித்தால் பழியை அதன் தலையில் கட்டுகிறேன் என்று அர்த்தம்.

2

கதையில் வரும் தம்பி முட்டாள் இல்லை. (இதை நானே சொல்லிக்கொள்வது அசிங்கம்தான்.) இரண்டாம் நாள் மதியம் நிறைசினைப் பசுவான செவலை வாயைத் திறந்து எச்சில் ஒழுக நின்றது. அவன் சாக்குகளை நனைத்துக் கொட்டகையின் நாலு பக்கமும் கட்டினான். மாடுகள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். உள்ளே ஜில்லென்று ஆனது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு எழுதப் போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தால் உள்ளே ஒரே ஆவி. செவலை படுத்திருந்தது.

3

மாட்டு டாக்டர் போனில் மூச்சை எண்ணச் சொன்னார். விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. (‘அவன்’ எங்கே போனான் என்று கேட்காதீர்கள்.)

“சாக்கையெல்லாம் பிச்சுப் போடுங்க. காத்தை அடைச்சிட்டுத் தண்ணி ஊத்தினா மாடு வெந்துதான் போகும். உடம்பை நனைச்சு ஃபேன் வைங்க. நான் கிளம்பிட்டேன்.”

பிய்த்துப் போட்டேன். என் எழுத்து மேசை ஃபேனைத் தூக்கி வந்து வைத்தேன். மற்ற ஐந்தும் தொட்டியில் வாய் வைத்தன. செவலை முன்னால் வைத்த வாளி அப்படியே இருக்கிறது.

4

முடிவு அ: டாக்டர் வருகிறார், மூச்சு அறுபதுக்கு இறங்குகிறது, நாலாம் நாள் கன்று. கை தானாக எழுதிவிட்டது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: செவலை கண்ணை

முடியவில்லை.

5

இப்போதுதான் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். குரலில் மயக்கம் தெளியவில்லை.

“செவலை தண்ணி குடிச்சாளாடா?”

“குடிச்சாக்கா.”

“நீ இருக்கேன்னுதான் நிம்மதியா படுத்திருக்கேன்.”

டாக்டர் வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. செவலை பக்கத்தில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து இதை எழுதுகிறேன். எழுதிக்கொண்டே எண்ணினால் எண்ணிக்கை தப்பிப்போகிறது. நீங்கள் எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. குறைந்தால் எனக்குச் சொல்லுங்கள். கூடினால், அக்காவிடம் சொல்ல ஒரு வாக்கியம் எழுதித் தாருங்கள். என்னிடம் இல்லை.