வாங்காத நோட்டீஸ்

தெருவை இடிக்கப் போகிறார்கள். மாற்று வீடு பெறுவோர் பட்டியலில், குடிவந்து இரண்டு வருடமே ஆன சைக்கிள் கடைக்காரர் இருந்தார். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் தையற்காரம்மா இல்லை. ஏன் என்று சட்டக் கல்லூரி மாணவிக்குப் பிடிபடவேயில்லை.

கோர்ட் படி ஏறாமல் காரியத்தை முடித்துத் தரும் இலவச உதவிக்காக, வாரம் ஒரு நாள் அந்தத் தெருவுக்கு வருகிறவள் அவள். இருவரின் காகிதங்களையும் தையல் மேஜையில் பரப்பி ஒப்பிட்டாள். கடைக்காரரிடம் இருந்ததைப் போல இரண்டு மடங்கு தையற்காரம்மாவிடம் இருந்தது.

"யாரையாவது கையில போட்டுக்கிட்டானோ, வக்கீலம்மா?"

"அவரா? அவருக்கு டியூப்ல ஓட்டையக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகுதும்மா."

நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போய், பட்டியல் எப்படித் தயாராகிறது என்று கேட்டாள். குமாஸ்தா ஒரு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இடிப்பு நோட்டீஸ் கொடுக்கப் போகும் ஊழியர் அதையும் கொண்டுபோவார். நோட்டீஸை வாங்கியவர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பெயர்களை அப்படியே பெயர்த்தெழுதியதுதான் பட்டியல். தனிக் கணக்கெடுப்பு எதுவும் கிடையாது. தையற்காரம்மாவின் கதவு எண்ணுக்கு நேரே, "வாங்க மறுத்தார்."

மாணவிக்கு முகம் செத்துப்போனது. "நோட்டீஸ் வந்தா கை நீட்டாதீங்க. வாங்கலைன்னா கெடு ஓடாது" என்று தெருவையே கூட்டி வைத்துச் சொன்னவள் அவள்தான். எல்லாரும் தலையாட்டினார்கள், ஊழியரைக் கண்டதும் பயந்து கையெழுத்துப் போட்டார்கள். அவள் பேச்சை நம்பியது ஒரே ஒருத்தர்.

"வாங்கலைன்னா கதவுல ஒட்டிடுவோம்மா. கெடு அன்னைக்கே ஓட ஆரம்பிச்சாச்சு" என்றார் குமாஸ்தா. "இதெல்லாம் உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?"

திரும்பி வந்து, மறைக்காமல் சொன்னாள். தையற்காரம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"உன் பேச்சக் கேக்காதவன் எல்லாம் பொழச்சுக்கிட்டான். நீ படிச்சுப் பழக என் வீடுதான் கெடைச்சுதா?"

மாணவி மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"இப்ப என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லு. சட்டம் பேசாத."

நாளை பட்டியல் மேலிடத்துக்குப் போகிறது. அதற்குமுன், பகல் பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்துக்குப் போய், நோட்டீஸைக் கேட்டு வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். குமாஸ்தா அந்தப் பெயரைப் பட்டியலின் அடியில் சேர்த்துவிடுவார்.