வேரோடு வந்த முடி

மாட்டு வாலிலிருந்து முடி பிடுங்கியிருக்கிறீர்களா? கத்தரித்தால் ஆகாது. வால் குஞ்சத்தைப் பிரித்து, கொஞ்சமாக விரலில் சுற்றி, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நுனியில் குண்டூசித்தலை அளவுக்கு வெள்ளையாக வேர் வர வேண்டும். சோதனைக்கு அனுப்பினால், கன்றின் தகப்பன் யார் என்பது அந்த வேரில்தான் இருக்கிறது.

லரிஸா சிவப்புக் கன்றை இரும்புக் கூண்டுக்குள் விட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றியதில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பக்கத்துப் பண்ணைக்காரன் வாசில் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“உங்கப்பா அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. நாம இங்க மயிர் புடுங்கிட்டு இருக்கோம்.”

“அவர்தான் கேட்டாரு.”

இன்றைக்குத் தாண்டாது என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்த நேரத்தில் லரிஸா பனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நாற்காலியை விட்டு எழாமல் இருந்தாள். மதியம் அப்பா ஓரெஸ்ட் கண் திறந்தார். முந்தின வருஷக் கோடையில் மேய்ச்சலில் இரண்டு காளைகள் இருந்தன. அவர் வளர்த்தது இடி விழுந்து செத்துப்போனது.

“அந்தக் கன்னு அவன் புள்ளதான், எனக்குத் தெரியும். டெஸ்ட் பேப்பர்ல வரணும்ல. போய் முடி எடுத்துட்டு வா.”

“நாளைக்கு எடுத்தா என்னப்பா?”

“நாளைக்கு எனக்கு வேலை இருக்கு.”

இப்போது அவள் முடியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கற்றையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“வேர் இல்ல. எல்லாம் அறுந்து வந்திருக்கு.”

“நல்லாப் பாருங்கப்பா.”

“நீ எனக்கு மாடு சொல்லித் தர்றியா? மறுபடி போ. அவசரப்படாத, நின்னு நிதானமா எடு.”

அவள் கதவருகில் நின்றாள். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

இரண்டாவது தடவை கன்று கூண்டுக்குள் போக மறுத்தது. வாசிலின் முழங்காலில் ஓர் உதை விட்டது. “வாத்தியார் கணக்கா ரெண்டு தரம் எழுத வைக்கிறாரு உங்கப்பன்” என்று நொண்டிக்கொண்டே அதைத் தள்ளினான்.

முடியோடு அவள் திரும்பியபோது அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. பூட்ஸைக் கழற்றாமலே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் விரலிடுக்கில் இருந்த முதல் கற்றையை மெல்ல உருவி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

ஒவ்வொரு முடியின் நுனியிலும் வெள்ளையாக வேர் இருந்தது.

வாசில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். படுக்கையைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இது நல்லாத்தானே இருக்கு. பாவம், கண்ணு தெரியல போல.”

அவள் அப்பாவின் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்து மடித்து வைத்தாள்.

“யாருக்காவது போன் பண்ணணுமா, லரிஸா?”

“யாரு இருக்கா.”

மறுநாள் காலை அவள் தீவனம் போடப் போனாள். சிவப்புக் கன்று அவளைக் கண்டதும் விலகி, வேலியோரம் போய் நின்றுகொண்டது.