பதில் வராவிட்டால் சம்மதம்

எங்கள் சங்கத்தில் முப்பத்துநான்கு உறுப்பினர்கள். மாநிலத்தில் அரசாங்கத்தின் கைக்குள் போகாமல் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்கிற தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும். அவற்றின் முதல்வர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது தவளைகளைத் தராசில் நிறுத்துகிற வேலை. நான் செயலாளராக வந்த முதல் வருடம், சங்கத்தின் கடிதத்தாளை எந்த நிறத்தில் அச்சிடுவது என்று நாலு மணி நேரம் பேசினார்கள். முடிவாகவில்லை. கறுப்பிலேயே அச்சிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு சுற்றறிக்கையின் அடியிலும் ஒரு வரி: ‘ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கொள்ளப்படும்.’ மௌனம் சம்மதம் என்று ஊரே சொல்கிறது. நான் அதை எழுத்தில் போட்டேன், அவ்வளவுதான். முதல்வர்களுக்குப் பேச நேரம் உண்டு, பதில் எழுத நேரம் கிடையாது. எட்டாம் நாள் பதிவேட்டில் ‘ஒருமனதாக’ என்று எழுதிவிடுவேன். “உங்க ஆளுங்க எல்லாரும் எப்படிங்க ஒரே குரல்ல பேசுறாங்க?” என்று அமைச்சர் அலுவலகத்தில் ஒருவர் வியந்து கேட்டார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முப்பத்துநான்கில் ஆகச் சிறியது என் அக்கா முதல்வராக இருந்த கல்லூரி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு மாடிக் கட்டடம். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், அத்தனை பேரும் வேலைக்குப் போகிறவர்கள். தையல் ஆலை, மருத்துவமனை, துணிக்கடை. அதனால் வகுப்பு காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிந்துவிடும். யாராவது பெஞ்சில் தலைசாய்த்துத் தூங்கினால் அக்கா எழுப்ப மாட்டாள். பக்கத்திலிருப்பவளிடம், “நீ அவளுக்கும் சேத்து எழுதிக்கோம்மா” என்பாள்.

என்னைச் செயலாளர் பதவிக்கு நிறுத்தியதும் அவள்தான். “எங்க தம்பிக்கு வாய் ஜாஸ்தி. வீட்டுல அது தொல்லை, சங்கத்துக்கு உதவும்” என்று பொதுக்குழுவில் எழுந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தபடி கைதூக்கினார்கள். பதினாறு வருடமாக நான் சாப்பிடுவது அந்தக் கைகளின் சோறு.

போன வருடம் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் எல்லாவற்றுக்கும் இனி அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். நானும் சங்கத் தலைவரும் எட்டு மாதம் செருப்புத் தேய நடந்தோம். தலைவர் ஒன்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். உயரம், ஒல்லி. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ஒட்டடைக்குச்சி. பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. அந்தப் பிரிவுகளை அரசு விட்டுவிடும். பதிலுக்கு, முந்நூறு மாணவர்களுக்குக் குறைந்த கல்லூரி எதுவானாலும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்துவிட வேண்டும். எங்களில் முந்நூறுக்குக் கீழே இருந்தது ஒரே கல்லூரி.

“உங்க அக்கான்னு எனக்குத் தெரியும்” என்றார் ஒட்டடைக்குச்சி. “ஆனா ஒரே ஒரு ஆட்சேபணை வந்தாலும் பேச்சு முறிஞ்சுதுன்னு அமைச்சர் சொல்லிட்டார். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சிடாதீங்க.”

“நான் அக்காகிட்ட நேர்ல பேசிடறேன் சார்.”

“பேசுங்க. பேசினா ஒத்துக்குவாங்களா?”

ஒத்துக்கொள்ள மாட்டாள். அது எனக்குத் தெரியும், என் வாய்க்கும் தெரியும். நான் பேசவில்லை.

சுற்றறிக்கை எழுதினேன். நாலு பக்கம். இணைப்பு விஷயம் மூன்றாம் பக்கத்தில், ‘நிர்வாகச் சீரமைப்பு’ என்ற தலைப்பின் கீழே, ஒரு நீண்ட வாக்கியத்தின் வால்பகுதியில். கல்லூரியின் பெயர் எங்கும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒரு பட்டம் கொடுத்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பேன்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். பரீட்சை நேரம். பின்னால் பெண்கள் விடைத்தாள் கட்டும் சத்தம்.

“டேய், உன் லெட்டர் வந்திருக்கு. நாலு பக்கம் இருக்கு. படிச்சே ஆகணுமா?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மூன்றாம் பக்கத்தைப் பாருக்கா என்று மூன்றே வார்த்தை.

“வழக்கமானதுதான்க்கா.”

“அப்ப சரி. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். சாப்பிட்டியா?”

“ம்.”

அன்று முழுவதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இணைந்தாலும் காலை வகுப்பை நடத்துவதாகத் தலைவரிடம் வாக்கு வாங்கிவிடலாம், முப்பத்துமூன்று கல்லூரி பெரிதா ஒன்று பெரிதா, என்றெல்லாம். எட்டாம் நாள் ‘ஒருமனதாக’ என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழு சங்கத்தின் கருத்தைக் கேட்கக் கூடியது. நான் மைக்கின் முன்னால் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தபோதுதான் கடைசி வரிசையில் அக்காவைப் பார்த்தேன். கூப்பிடாமலே வந்திருந்தாள். தம்பி பேசப்போவதைக் காட்ட இரண்டு மாணவிகளையும் அழைத்து வந்திருந்தாள். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் கைப்பை மடியில் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

வாசித்தேன். குழுத் தலைவி கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

“முந்நூறுக்குக் கம்மியா இருக்கிறது ஒரே காலேஜ்தான் போல. அவங்களுக்கு இதுல சம்மதமா?”

“எங்க சங்கம் ஒருமனதா ஏத்துக்கிட்டிருக்குங்க.”

“நான் சங்கத்தைக் கேக்கலை. அந்தக் காலேஜைக் கேக்கறேன்.” அவர் அக்காவின் கல்லூரிப் பெயரை உரக்கப் படித்தார். “அங்கேருந்து யாராவது வந்திருக்கீங்களா?”

அக்கா எழுந்தாள். தன் கல்லூரி போகிறது என்பது அந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். அவள் கணக்கு வாத்தியார். ‘என்னை யாரும் கேக்கலை’ என்று சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட அவளுக்கு நேரம் பிடிக்காது. சமரசம் கிழியும். பதினாறு வருட ‘ஒருமனதாக’ அத்தனையும் பொய் என்றாகும். நான் தெருவில் நிற்பேன்.

“என் தம்பி சொன்னது சரிதாங்க” என்றாள்.

உட்கார்ந்துவிட்டாள். “மேடம், என்ன மேடம் இது?” என்று பக்கத்திலிருந்த மாணவி கேட்டது எனக்கு மைக் வரைக்கும் கேட்டது.

கூட்டம் முடிந்து நான் வெளியே ஓடினேன். மூவரும் போயிருந்தார்கள். அன்று ஒன்பது முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சங்கத்தில் எனக்குப் பாராட்டு வைத்தார்கள். ஒட்டடைக்குச்சி கட்டிப்பிடித்தார். அவர் பல்கலைக்கழகத்தோடுதான் இணைப்பு. காலை வகுப்பைப் பற்றிக் கேட்டேன். “ஆறு மணிக்கு எங்க வாட்ச்மேனே எழுந்திருக்க மாட்டான்” என்று சிரித்தார். வகுப்பு ஒன்பதரைக்கு. ஊரின் மறுகோடியில். ஒன்பதரைக்கு எந்தத் தையல் ஆலையும் யாரையும் வெளியே விடாது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நாற்பது பேர் சேர்ந்தால் அதிகம் என்றார்கள்.

கல்லூரியின் கடைசி நாளன்று போனேன். மாடியிலிருந்து பெஞ்சுகளை இறக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் அறையில் மாற்றுச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற கடைசிப் பெண் தன் தாளை வாங்கி, மடிக்கத் தெரியாமல் நாலாக மடித்து, என்னைத் தாண்டிப் போனாள்.

வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் திட்டுவாள், “ஏன்டா இப்படிப் பண்ணினே” என்று கேட்பாள், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்றேன். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் கோபம் இல்லை.

“வாங்க” என்றாள். “உக்காருங்க.”

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.