தண்ணீர்த்தொட்டி மேல் ஒரு பெட்டி

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவளை ஊரில் எல்லாரும் 'ஆன்டெனா அக்கா' என்றுதான் சொல்வார்கள். பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி, ரேடியோ சங்கத்து ஆட்களோடு சேர்ந்து உயரமான கட்டடங்களின் மேல் சின்னச்சின்ன ரேடியோ பெட்டிகளை வைத்திருந்தாள். செல்போன் கோபுரம் படுத்துவிட்டாலும், ஒரு பெட்டியில் தட்டிய செய்தியை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்ததற்குக் கைமாற்றிவிடும். நாளடைவில் சங்கத்து ஆட்கள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். பெட்டிகளைத் துடைத்துப் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்திதான் மிச்சம்.

கடைக்கு மேலிருந்த வீட்டிலும் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அண்ணன் மட்டும் எப்போதாவது கூப்பிட்டு, "இன்னும் அந்தப் பெட்டிங்கள கட்டிக்கிட்டுதான் அழறியா?" என்பார்.

அந்த வருடப் புயல் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஒரு பைக் பேட்டரியின் தயவில் அவள் வீட்டு ரேடியோவும், சோலார் தகட்டின் தயவில் மற்ற பெட்டிகளும் மட்டும் உயிரோடிருந்தன. முகாமாகிவிட்ட பள்ளிக்கூடம், பேக்கரி, அக்கரை மருந்துக்கடை என்று பெட்டி இருந்த இடங்களிலெல்லாம் கூட்டம். 'அம்மாகிட்ட நல்லா இருக்கோம்னு சொல்லுங்க.' 'மாடியில மாட்டிக்கிட்டோம்.' எல்லாம் அவளைத் தாண்டித்தான் போயின. அவளுக்கென்று ஒன்றும் வரவில்லை. அண்ணனைப் பற்றி மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள். 'அந்தத் தெருவுக்குள்ள போகவே முடியல மேடம்' என்று பதில் வந்தது.

மதியம் பள்ளிக்கூடத்து டீச்சர் அனுப்பினாள்: 'என் பையனுக்கு இன்சுலின் தீர்ந்துபோச்சு. சீக்கிரம்.'

மருந்துக்கடைக்கு அந்தச் செய்தி போகவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தாள். இரு கரையையும் இணைத்தது தண்ணீர்த்தொட்டி மேலிருந்த பெட்டிதான். நாள்கணக்கில் வெயில் இல்லாததால் அதன் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். அவளிடம் வேறு பேட்டரி கிடையாது. தன்னுடையதைக் கழற்றினால் அவள் ஊமை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சருக்குத் தட்டினாள்: 'தொட்டிப் பெட்டிய சரிபண்ணப் போறேன். அரைமணி கழிச்சு மருந்துக்கடைக்கு நேரா அனுப்புங்க. என்னைக் கூப்பிடாதீங்க, நான் இருக்க மாட்டேன்.'

பேட்டரியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த்தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினாள். காற்று ஆளையே பிய்த்தது. பாதியில் கால் வழுக்கி முழங்கால் கிழிந்தது. கீழே ஒரு சனம் இல்லை. விழுந்தால் கேட்க நாதி இல்லை. மேலே ஒயரை மாட்டியதும் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லை. மருந்து வந்ததா, பையன் பிழைத்தானா, அண்ணன் எங்கே? ஒன்றும் தெரியாமல் செத்த ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊரே பேசிக்கொள்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை. செல்போனும் அணைந்துபோனது.

இரண்டு நாள் கழித்து மின்சாரமும் செல்போன் சிக்னலும் வந்தன. போனைச் சொருகிய கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"மேடம்! உசுரோட இருக்கீங்களா?"

"பையன்?"

"ஜம்முனு இருக்கான். தீயணைப்புக்காரங்க படகுல கொண்டுபோய்க் குடுத்துட்டாங்க. இருங்க, உங்க அண்ணன் பேசணுமாம். உங்களத் தேடி வந்தவர், ரெண்டு நாளா கடைய விட்டு நகரல."

"ஏம்மா, இருக்கியா இருக்கியான்னு எத்தன தடவ அனுப்பச் சொன்னேன்! ஒரு பதில் போட்டா கொறஞ்சா போயிடுவே?"

"பேட்டரி இல்லண்ணா..."

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

யாரிடம் சொல்வது என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டியாண்ணா?" என்றாள். அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குள் போனுக்கு வேறு யாரோ அவசரப்படுத்த, "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

வீடு பழையபடி அமைதியானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கடைக்குள் நிற்கும் சேற்றை வழிக்க விளக்குமாறைத் தேடினாள்.