மருத்துவிச்சி வகுப்பை மூடிய வருஷம்

பதுளைக் கடைத்தெருவில் புஹாரி முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் மருத்துவிச்சி வகுப்பு நடந்தது. மூன்று தேயிலைத் தோட்டத்துத் துரைமார் சேர்ந்து செலவு செய்தார்கள். டொக்டரம்மா ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த இராக்கம்மா, தன் இரண்டு பிள்ளைகளையும் பிரசவத்திலேயே பறிகொடுத்தவள். அந்த ஆத்திரம்தான் அவளை மாடிப்படி ஏற வைத்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் டொக்டரம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அடுத்த மாதம் வகுப்பை மூடுகிறார்கள். காசில்லையாம்."

காசு காரணமில்லை. பச்சை உடம்புக்காரிகளைக் கொழுந்து பறிக்க விரட்டுவது ஏனென்று டொக்டரம்மா துரைமாரிடம் கேட்டிருந்தாள். அந்தச் சங்கதியை அவள் காதில் போட்டது இராக்கம்மா.

"வாய மூடிட்டு இருந்தா பூட்டத்தான் செய்வாங்க," என்றாள் கூடப் படித்த பண்டாரவளைப் பலீலா. "வாசல்லயே இருப்பம்."

பூட்ட வந்த நாளில் படிக்கட்டு முழுக்கப் பெண்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும் நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தார்கள். புஹாரி முதலாளி கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். பூட்ட வந்த பெரிய துரை குடையை மடக்கினார். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தார்.

"படிக்கிற ஆள் முடிக்கலாம். புது ஆள் கிடையாது," என்றார். பிறகு அவளிடம் மட்டும் கேட்டார்: "நீ எந்தத் தோட்டம்?"

சொன்னாள். தலையசைத்துவிட்டுப் போனார்.

பெண்கள் குலவையிட்டார்கள். பலீலா மட்டும் சிரிக்கவில்லை. "நமக்குப் பொறகு ஒருத்தரும் இல்ல, இராக்கம்மா. நம்மளயும் விடமாட்டாங்க."

அடுத்த வாரமே, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் இராக்கம்மாவின் புருஷன் நல்லையாவுக்கு வேலை கொடுக்கவில்லை. பிறகு, வாசலில் வந்து உட்கார்ந்த பெண்களுக்கும் ஒவ்வொருத்தியாக வேலை நின்றது.

தை பிறந்ததும் அவள் படிப்பை முடித்துத் திரும்பினாள். லயத்தில் யாரும் 'வா' என்று சொல்லவில்லை. இராமையா கங்காணி மட்டும் எதிரே வந்தார்.

"படிச்சு முடிச்சிட்டியா? நல்லது. இனிமே இங்க எது செத்தாலும் ஒன் தலையிலதான்."

பிரசவத்துக்கு அவளைக் கூப்பிடக் கூடாதென்று கங்காணியின் ஆட்கள் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். கீழ் லயத்து ராசம்மா நாள்கணக்கில் வலியில் துடித்தபோதும் ஆள் வரவில்லை. கடைசியில் கங்காணியே வந்து, "இப்பப் போய் ஒன் படிப்பக் காட்டு," என்றார்.

கையைக் கழுவிவிட்டு ஓடினாள். அவள் போகுமுன்பே பிள்ளை வயிற்றில் அடங்கியிருந்தது. தாயை மட்டும் மீட்டாள்.

மறுநாள் பெரட்டில் கங்காணி உரக்கச் சொன்னார்: "பதுளைப் படிப்பு ஒரு புள்ளையக் கொன்னுருச்சு. எல்லாரும் தெரிஞ்சிக்கங்க."

ராசம்மாவின் புருஷன் தரையைப் பார்த்தபடி நின்றான். இராக்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

கூடையோடு மலைக்கு ஏறிய பெண்களில் ஒரு சின்னப்பொண்ணு, நிறைமாத வயிறு, நடையைத் தளர்த்தி அவளை ஒட்டி வந்தாள்.

"அக்கா, கதவத் தட்டுனா தொறப்பீங்களா?"

"தொறக்கிறேன், தாயி."

இராக்கம்மா நிமிர்ந்தாள். மேட்டில் கங்காணி நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.