பட்டாணி அளவு

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் முகம் உரிய ஆரம்பித்தது. மூக்கோரம் செதில் செதிலாக, கன்னம் செக்கச்செவேலென்று. மருந்துக்கடையின் அழகுப் பொருள் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவள். முதலாளி உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான். முகச் சுருக்கத்துக்கு ரெட்டினால் க்ரீம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், "பட்டாணி அளவுதான், வாரத்துக்கு ரெண்டு நாள், காலையில சன்ஸ்க்ரீன்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாள். அதே அக்காதான், சாம்பிள் ட்யூப் சும்மா கிடைத்ததே என்று ஐந்து நாள் விடாமல் அள்ளி அப்பிக்கொண்டாள். என்னத்தைச் சொல்ல!

"அம்பத்திரண்டு வயசுல யாருக்குக் காட்ட அண்ணி இதெல்லாம்?" என்றாள் நாத்தனார், டீயை ஆற்றிக்கொண்டே.

"கண்ணாடிக்கு. அதுதான் தினமும் என் மூஞ்சியப் பாக்குது. உங்க அண்ணன் எங்க பாக்கறாரு?"

கடையில் முதலாளி அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். லிப்ஸ்டிக் நிறம் பார்ப்பதற்காகக் கவுண்டரில் வைத்திருந்த விளக்கை முதலில் அணைத்தார்.

"இந்த மூஞ்சியோட நின்னா யாரு வாங்குவாங்கக்கா? சரியாகிற வரைக்கும் கிடங்குல இருங்க. புதுப் பொண்ணு நிக்கட்டும்."

கிடங்குக்குப் போனவர்கள் கவுண்டருக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. முழங்கால் வலி என்று இரண்டு வாரத்துக்குப் போன கேஷியர் மூன்று வருஷமாக அங்கே அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"முடியாது சார். நான் இங்கதான் நிப்பேன்," என்றாள்.

முதலாளி பதில் சொல்வதற்குள் துப்பட்டாவால் முகத்தை மூடிய ஒரு பெண் வந்து ட்யூபை டக்கென்று மேசையில் வைத்தாள். போன வாரம் புதுப் பெண்ணிடம் வாங்கியது.

"இது என் மூஞ்சியையே கெடுத்துடுச்சு. ஆன்லைன்ல எழுதத்தான் போறேன்."

புதுப் பெண் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி வேறு கம்பெனி க்ரீமை நீட்டி மழுப்பினார். அக்கா அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"துணிய எடும்மா, பாப்போம்."

எடுத்தாள். உரிந்த முகமும் உரிந்த முகமும் எதிரெதிரே நின்றன.

"எவ்வளவு போட்ட?"

அந்தப் பெண் ஒரு விரல் நீளம் காட்டினாள். "தினமும்."

"நானும் அதே கூத்துதான் அடிச்சேன், ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு. இப்ப நிறுத்திடு. தோல் ஆறுற வரைக்கும் வெறும் மாய்ஸ்சரைசர், வெளிய போனா சன்ஸ்க்ரீன். எரிச்சல் அடங்கலன்னா டாக்டரப் பாரு. ஆறினப்புறம் பட்டாணி அளவு."

"நீங்க மறுபடி போடுவீங்களா?"

"போடாம? அரைகுறையா விட்டுட்டுப் போற ஆளு நான் இல்ல."

அந்தப் பெண் ட்யூபைத் திரும்பப் பைக்குள் போட்டாள். கூடவே ஒரு சன்ஸ்க்ரீனும் வாங்கினாள். துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை மூடாமலேயே போனாள்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "இருந்தாலும் அக்கா, ஒரு மாஸ்க்காவது..."

அக்கா விளக்கைப் போட்டாள். அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"அடுத்து யாரு, வாங்க."