குப்புற இறங்கிய கோப்பு

ஐஸ் பாக்டரிப் பெண்ணின் கோப்பு விளையாட்டுத் துறை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை, தரைத்தளத் தபால் பிரிவில் வெப்பம் ஒன்பது டிகிரி குறைந்தது. மாலைக்குள் மேசை மேலிருந்த பசைக் குப்பி உறைந்துவிட்டது. வெளியே மே மாதம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். தபால் எழுத்தர் கோப்பைத் தொட்டுப் பார்த்தார், நாற்காலியை அதன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார், பதிவேட்டில் 'வரவு ஒன்று, குளிர்ச்சியாக உள்ளது' என்று எழுதினார். அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, பிறகு யாரும் கேட்கவில்லை. இரண்டு மின்விசிறிக்கு ஒன்று ஓடாத கட்டிடத்தில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க யாருக்கு மனசு வரும்?

கோப்புக்குச் சொந்தக்காரி உலகத்திலேயே மூன்றாவது. எதில் மூன்றாவது என்று சொல்லத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தட்டு மாதிரி ஒரு சின்ன இரும்புச் சட்டம், அதற்கு அடியில் இரண்டு கம்பி. அதன் மேல் குப்புறப் படுத்து, தலையை முன்னால் நீட்டி, மலைமேலிருந்து உறைந்த வாய்க்கால் வழியாக, லாரி போகும் வேகத்தைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் கீழே வர வேண்டும். பிரேக் கிடையாது. மோவாய்க்கும் பனிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. திருப்ப வேண்டுமென்றால் தோளை லேசாக அழுத்த வேண்டும், அதிகம் அழுத்தினால் ஆஸ்பத்திரி. குளிர்நாட்டுக்காரர்கள் இதை நூறு வருஷமாக ஆடுகிறார்கள். இவளுடைய நாட்டில் ஐஸ் என்பது பாக்டரியில் செய்வது, மீன் பெட்டியில் போடுவது.

அந்தப் பாக்டரியில்தான் கற்றுக்கொண்டாள். ஐஸ் உறைய வைக்கும் கூடம் மாடியில், லாரி நிற்கும் மேடை கீழே. நடுவில் தகரம் அடித்த மரச் சறுக்குப் பாதை, இரண்டு வளைவுடன். பாளம் பாளமாக ஐஸ் அதில் இறங்கும். மனுஷர்கள் இறங்கும் படிக்கட்டோ கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கம், அம்மோனியா நெடி அடிக்கும் அறையைத் தாண்டி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விடுவார்கள்; சுற்றிப் போனால் அதில் பாதி நடையிலேயே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவள் உப்புநீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றி, அதில் குப்புறப் படுத்துக் கீழே வந்துவிட்டாள். உட்கார்ந்து வந்தால் இரண்டாவது வளைவில் உத்திரம் தலையில் இடிக்கும் என்பதால்தான் குப்புறப் படுத்தாளே தவிர, வேறு லட்சியம் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷம் அப்படியே சாப்பிடப் போனாள். கம்ப்ரசர் மாட்ட வந்த ஒரு குளிர்நாட்டு மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். அடுத்த நாள் மதியம் கடிகாரத்தோடு வந்து நின்றான். அதற்குப் பிறகு கடிதம், விமானம், வெண்கலப் பதக்கம் எல்லாம் இரண்டே வருஷத்தில் நடந்தன.

பதக்கத்தோடு வீடு திரும்பியவளைத் தெருவே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு அவளுக்கு 'விழுந்தவ' என்று பெயர் வைத்தது. "மேலேருந்து கீழ விழுந்ததுக்கா மெடல் குடுத்தாங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் போன மாசம் ஏணியிலேருந்து விழுந்தாரு, ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல." இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். தாங்க முடியாதது அம்மாவின் முகம்தான். அம்மா முன்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவள்; அளவெடுக்காமல் குழந்தையைப் பார்த்தே வெட்டுகிற கை. மகள் இறங்கிய பந்தயத்தை யாரோ போனில் காட்டியபோது, பதினோரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் வெளிநாடு போன நாட்களில் சாப்பிடவில்லை, தைக்கவில்லை. தொலைபேசி அடிக்கும்வரை மடியில் கத்தரிக்கோலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இனி போகக் கூடாது என்று அவள் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அம்மா, அது விழறது இல்லம்மா."

"நீ அப்படித்தான் சொல்லுவ. கவர்மெண்டுல பெரிய ஆளு ஒருத்தர் பார்த்து, சீல் வச்சு எழுதிக் குடுக்கட்டும், இது விழறது இல்லன்னு. அப்ப நம்பறேன்."

அம்மாவுக்கு முத்திரை இல்லாத எதிலும் நம்பிக்கை இல்லை. மகளின் பிறந்த தேதியைக்கூடச் சான்றிதழைப் பார்த்துத்தான் சொல்வாள். ஆகவே மகள் தேசிய அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தாள். அம்மா நம்பும்வரை அடுத்த உலகப் போட்டிக்குக் கிளம்புவதில்லை என்றும் முடிவு செய்தாள். ஒவ்வொரு தடவையும் பட்டினி கிடப்பது அம்மாவாக இருக்கும் என்றால், அந்த வாய்க்காலில் இவளால் தலையை நிமிர்த்தாமல் எப்படிப் படுக்க முடியும்?

விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டத்தில்தான் சிக்கல் இருந்தது. இந்த விளையாட்டு நாட்டின் எல்லைக்குள் ஆடப்படுவதைத் துறை இயக்குநர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றது அது. மற்றபடி கோப்பு நியாயமாக ஆறு வாரத்தில் திரும்பியிருக்கலாம். ஆனால் தபால் பிரிவிலிருந்து அது முதல் மாடிக்குப் போக நாலு மாதம் ஆனது. வெயில் தணியட்டும் என்று எழுத்தர் காத்திருந்தார், வெயில் தணிகிற வழக்கம் அந்த ஊருக்கு இல்லை. முதல் மாடிக் கண்காணிப்பாளர் கோப்பு வந்த அன்றே சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வியர்க்காமல் ஒரு குறிப்பு எழுதினார்: இது சக்கரமில்லாத வாகனமா, போக்குவரத்துத் துறையின் கருத்து தேவை. கருத்து வரும்வரை கோப்பு எங்கே இருக்க வேண்டும்? அவர் மேசையில்தான். போக்குவரத்துத் துறை பிரேக் எங்கே என்று கேட்டது. பிரேக் இல்லை என்றதும், அப்படியானால் அது வாகனம் இல்லை என்று பதில் எழுத எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. அடுத்த வெயிலுக்குள் கண்காணிப்பாளர் தீயணைப்புத் துறையிடம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டார்.

இரண்டாம் மாடிக்கு விஷயம் தெரிந்தபோது பொறாமை வந்தது; அவர்களும் கோப்பை வரவழைத்து ஒரு சந்தேகம் கேட்டார்கள். பிறகு மூன்றாம் மாடி, நாலாம் மாடி. வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வாரம் கோப்பு தினமும் மாடி மாறியது. லிப்ட் பல காலமாக ஓய்வில் இருந்ததால் எல்லாம் படிக்கட்டு வழியாகவே போனது. கோப்பிலிருந்து ஒழுகிய நீர் படியிலேயே உறைந்தது. சுத்தம் செய்கிற அம்மாள் வெந்நீர் ஊற்றினாள், அதுவும் உறைந்தது. நாலாவது வருஷம் ஆறு மாடியின் படிகளும் பனியில் மறைந்து, வளைந்து வளைந்து இறங்கும் ஒரே வழவழப்பாகிவிட்டன. ஊழியர்கள் செருப்புக்கு மேல் சாக்கு கட்டிக்கொண்டு, கைப்பிடியைக் கட்டிப்பிடித்து நடந்தார்கள். கால் வழுக்கி நடந்த விபத்தைப் பதிவு செய்ய ஒரு நோட்டு போட்டார்கள், அது நிரம்பியதும் இன்னொன்று போட்டார்கள். கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று டீ கொடுத்து, "நடந்துக்கிட்டே இருக்கும்மா" என்று மனப்பூர்வமாகச் சொன்னவர்கள்தான்.

ஐந்து வருஷத்தில் முடியாத விண்ணப்பம் தானாகக் காலாவதி ஆகும் என்பது விதி. கடைசி நாளுக்கு முந்தைய நாள், மனசாட்சி உறுத்தியதாலோ என்னவோ, கண்காணிப்பாளரே பாக்டரிக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கோப்பு ஆறாவது மாடியில் இயக்குநர் அறையில் இருக்கிறது, கடைசிச் சந்தேகமாகக் 'கருவியை நேரில் ஆஜர்படுத்தவும்' என்று எழுதியிருக்கிறார்கள் என்றார். மறுநாள் அவள் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அம்மாவும் கூட வந்தாள். படியைப் பார்த்ததும் அம்மா தபால் எழுத்தரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, "நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

இயக்குநர் விதி தவறாத மனிதர். நல்ல உடம்பு, கம்பளித் தொப்பி. மகள் மேலே ஏறிச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திருப்தி என்று எழுதினார், ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "பார்க்காம எப்படிம்மா போடறது? நாட்டுக்குள்ள எங்கேயாச்சும் ஆடிக் காட்டினா இப்பவே போடுவேன்."

"உங்க படிக்கட்டுல ஆடலாம் சார்."

அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் விளையாட்டுத் துறையில் இருந்தவர் அந்தப் படிக்கட்டை முதல் தடவையாக ஒரு மைதானமாகப் பார்த்தார். பிறகு நியாயமான ஒரு தடையைச் சொன்னார். இங்கே நின்றால் முதல் வளைவு வரைதான் தெரியும். கூட நடந்து வந்தால் கீழே சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். முத்திரையோ தபால் பிரிவில், ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"அப்ப நீங்களும் வந்துடுங்க. என் முதுகுல படுத்துக்குங்க" என்றாள் அவள்.

இந்த விளையாட்டை உலகத்தில் எங்கும் இரண்டு பேர் சேர்ந்து ஆடியதில்லை. அதைச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. நாலு ஐம்பத்தொன்றுக்கு, சட்டத்தின்மேல் கோப்பு, அதன்மேல் அவள், அவள்மேல் இயக்குநர் என்ற வரிசையில் ஆறாம் மாடியிலிருந்து கிளம்பினார்கள். ஐந்தாம் மாடியில் பக்கவாட்டுச் சுவர்மேல் ஏறி இறங்கினார்கள். நாலாம் மாடியில் டீத் தட்டோடு நின்ற ஊழியர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டாம் மாடியில் இயக்குநரின் தொப்பி தனியாகப் பிரிந்து, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. மொத்தம் பத்தொன்பது நொடி. தபால் பிரிவுக்குள் நுழைந்து, அவள் கால்விரல்களால் பனியைக் கீற, அம்மாவின் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால் சட்டம் நின்றது.

யாரும் எழுந்திருக்கும் முன்பே அம்மா குனிந்து, மேலே படுத்திருந்தவரிடம் கேட்டுவிட்டாள். "ஐயா, உண்மையச் சொல்லுங்க. இது விழறதா?"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "இல்லம்மா. விழறதுன்னா எனக்கு நல்லாத் தெரியும், மார்ச்சிலேருந்து இந்தப் படியில ஆறு தடவை விழுந்திருக்கேன். விழும்போது எங்க போறோம்னு தெரியாது. உங்க பொண்ணுக்கு ஒவ்வொரு வளைவும் தெரிஞ்சிருந்தது. மூணாவது மாடியிலேருந்து நான் கண்ண மூடிட்டேன்; அது என் தப்பு, அவ தப்பில்ல."

"அத எழுதிக் குடுங்க."

ஒன்பதாவது கட்டத்தில் இயக்குநர் எழுதியது இதுதான்: 'நாலாம் மாடி வரை கண்ணால் பார்த்தேன், மீதியை உடம்பால் உணர்ந்தேன். இது விழுதல் அன்று.' கையெழுத்துப் போட்டார். தபால் எழுத்தர் உறைந்திருந்த மை டப்பாவை அக்குளில் வைத்துச் சூடாக்கி, நாலு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை வைத்தார். அம்மா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். முத்திரையை விரலால் தடவினாள், விரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைத்தாள், அப்புறம் ஐந்து வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகையை ஓவென்று அழுதாள். அலுவலகமே பெருமையோடு நின்று பார்த்தது.

தேசிய விருது விழா மூன்று மாதம் கழித்துப் பெரிய அரங்கத்தில் நடந்தது. அறிவிப்பாளர் விளையாட்டின் பெயரை வாய் குழறி நீச்சல் என்று வாசித்தார். கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை. அதன்பின் மகள் மூன்று உலகப் போட்டிக்குப் போனாள், அம்மா மூன்று வேளையும் சாப்பிட்டாள். தீர்வான கோப்பு விதிப்படி மேலே ஆறாம் மாடி ஆவண அறையில் வைக்கப்பட்டது, குளிர் குறையவில்லை. படிக்கட்டு நாட்டின் ஒரே பனிச்சறுக்கு மைதானம் என்று பதிவாயிற்று, காலை பதினொன்று முதல் ஒன்று வரை பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். ஊழியர்கள் மாலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு தட்டில் குப்புறப் படுத்து வீட்டுக்குப் போகப் பழகிவிட்டார்கள். விபத்து நோட்டில் அதன்பின் ஒரு வரிகூட ஏறவில்லை.

அம்மாவுக்கு அறுபத்திமூன்று வயதான அன்று, ஒரு தடவை என்னையும் கூட்டிப் போ என்று தானாகக் கேட்டாள். தனக்கென்று கெட்டித் துணியில் ஒரு சட்டை தைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து நாற்பது நிமிஷம் ஏறினாள். மகளின் முதுகில் படுத்து, பத்தொன்பதரை நொடியில் கீழே வந்தாள். ஓடிப் போய்த் தூக்கிவிட்ட தபால் எழுத்தர், எப்படிம்மா இருந்தது என்று கேட்டார்.

"மூணாவது மாடியில ரெண்டாவது ஜன்னல் திறந்து கிடக்கு" என்றாள் அம்மா. "யாராச்சும் போய்ச் சாத்துங்க, குளிரு வீணாப் போகுது."